புத்தாண்டு: சங்கற்பமா, ஆக்கமா?

ஆண்டு பிறக்கும்போதெல்லாம் நம்மிடையே உறுதிமொழிகளும் பிறந்துவிடுகின்றன. புகைத்தலை விடுவேன், அதிகாலையில் எழுவேன், உடல் எடையைக் குறைப்பேன், ஆங்கிலத்தைச் சரளமாகப் பேசப் பழகுவேன், இறுதிப் பரீட்சைக்கு இம்முறை முதல் நாளிலிருந்தே படிப்பேன். வங்கிகளும் காப்புறுதிக் கம்பனிகளும் இலவசமாக வழங்கும் நாட்குறிப்பேடுகளின் முதற் பக்கங்கள் இத்தகைய வாசகங்களால் நிரம்புவதையும், மாசி மாதத்துக்குப் பின்வரும் பக்கங்கள் வெறுமையாகக் கிடப்பதையும் நாம் அறிவோம். அதனைக் கண்டு நகைப்பது எளிது. நகைத்துவிட்டு அடுத்த ஆண்டும் அதனையே செய்வது அதைவிட எளிது. இக்கட்டுரை நகைப்பதற்காக எழுதப்படுவதன்று. உறுதிமொழியோடு புத்தாண்டை வரவேற்கும் வழக்கம் தோல்வியில் முடிகிறது என்பது என் குற்றச்சாட்டுமன்று. அது வெற்றியில் முடிந்தாலும் பிழையான வழக்கமே என்பதுதான் இங்கு நான் நிறுவ முயல்வது. ஆண்டின் வாயிலிலே மனிதனுக்குரிய கருமங்கள் இரண்டு. கழிந்ததைத் திரும்பிப் பார்த்தல் ஒன்று. அதன்பின் கையால் ஏதேனும் ஒன்றை ஆக்குதல் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் உரிய இடத்தை உறுதிமொழி அபகரித்துக்கொள்கிறது.

பொதுப்படப் பேசின் இவ்வாதம் வெறும் உபதேசமாகிவிடும். ஆதலால் ஓர் ஊரை முன்னிறுத்துகிறேன். மட்டக்களப்பு மாவட்டத்தின் வடபாகத்தில், வாகரைப் பிரதேசத்தில், திருகோணமலைக்குச் செல்லும் வீதியில் உள்ளது பனிச்சங்கேணி. ஒருபுறம் வங்கக் கடல், மறுபுறம் களப்பு, இரண்டையும் இணைக்கும் குறுகிய நீர்வாய், அதன்மேல் ஒரு பாலம். பனிச்சை மரத்தையும் கேணியையும் சேர்த்து வழங்கும் பெயர் அது. நைலோன் நூல் வருவதற்கு முன்னர், பருத்தி நூலால் முடிந்த வலைகள் உப்புநீரில் உக்கிப்போகாதிருக்கப் பனிச்சங்காயின் துவர்ப்புச் சாற்றில் அவற்றைத் தோய்த்துக் காயவிடுவது தென்னாசிய மீனவர் கையாண்ட முறைகளுள் ஒன்று. தொழிலும் மரமும் நீரும் ஒரு பெயருக்குள் கூடியிருப்பதை மொழி பயில்வோர் கவனிக்கலாம். களப்பிலே இறாலும் நண்டும்; கரையிலே கண்டற்காடு; உட்புறத்தே வயலும் சேனையும். தமிழே பேசும் கரையோர வேடர் வழிவந்த மக்கள் வாழும் பிரதேசம் இது. செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய பெருநூலிலும் இக்கரையோர மக்கள் இடம்பெறுகின்றனர்.

இவ்வூருக்கு ஜனவரி முதலாந் திகதி எப்படி வந்து சேர்கிறது? வடகீழ்ப் பருவக்காற்று ஓயாத காலம் அது. கடல் கொந்தளிக்கும்; வள்ளங்கள் கரைமேல் ஏற்றப்பட்டிருக்கும்; அடுப்பெரிவது பெரும்பாலும் களப்பை நம்பியே. மாரிக்கு முன் விதைத்த வேளாண்மை அறுவடைக்கு வரவில்லை. கதிர் பால்பிடிக்கும் தருணம். மழை சற்று மிகுந்தால் வெள்ளம். சற்றுக் குறைந்தால் சாவி. கடன்பட்டு வாங்கிய விதைநெல்லும் உரமும் மண்ணுக்குள் கிடக்க, முடிவு எதுவுந் தெரியாத அந்த நடுமாரியிலே 'இவ்வாண்டு நான் இன்னது செய்வேன்' என்று எழுதிவைக்கும் துணிவு யாருக்கு வரும்? மாத முடிவில் வருமானம் நிச்சயமாக வந்துசேரும் என்று நம்பக்கூடியவனுக்கு வரும். புத்தாண்டு உறுதிமொழி மாதச் சம்பளத்தின் இலக்கிய வடிவம் என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது.

வரலாறும் இயற்கையும் அந்த நாளை இன்னுங் கடுமையாகப் பரிகசித்துள்ளன. 1978 நவெம்பர் 23ஆந் திகதி வீசிய சூறாவளி மட்டக்களப்புப் பிரதேசத்தின் தென்னைகளையும் கூரைகளையும் வீழ்த்திச் சென்றபோது புத்தாண்டுக்கு ஆறு வாரங்கூட இருக்கவில்லை. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி, ஒரு ஞாயிறு காலையில், ஆழிப்பேரலை வந்தது. இலங்கையில் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். வாகரைக் கரையோரமும் சிதைந்தது. ஆறு நாட்களில் 2005 பிறந்தது. அடுத்த ஆண்டின் பிற்பகுதியில் போர் மீண்டும் நெருங்கிற்று. 2006 ஓகஸ்டிலிருந்து ஆயிரக்கணக்கானோர் இடம்பெயர்ந்து வாகரைப் பகுதியில் ஒடுங்கினர். நவெம்பர் 8ஆந் திகதி கதிரவெளிப் பாடசாலையில் தஞ்சம் புகுந்தோர்மீது எறிகணைகள் விழுந்து பொதுமக்கள் பலர் உயிரிழந்தனர். 2007 ஜனவரி 19ஆந் திகதி அரச படைகள் வாகரையைக் கைப்பற்றின. அவ்விரு திகதிகளுக்கும் இடையிலேதான் 2007ஆம் ஆண்டு பிறந்தது. சித்திரைப் புத்தாண்டும் இதற்கு விலக்கன்று. 2019இல் அது கழிந்து ஒரு வாரத்தில், ஏப்ரல் 21ஆந் திகதி உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு நகரின் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. 2020இன் சித்திரை நாடு முழுவதும் ஊரடங்குக்குள் பிறந்தது.

இத்திகதிகளை அடுக்கியது இரக்கம் வேண்டியன்று. ஓர் இலக்கண உண்மையைக் காட்டுவதற்காக. 'செய்வேன்' என்பது தன்மை ஒருமை எதிர்கால வினைமுற்று. உறுதிமொழிகள் யாவும் இந்த ஒரே வாய்பாட்டில் அமைகின்றன. அவற்றில் இறந்தகாலம் இல்லை, முன்னிலை இல்லை, படர்க்கை இல்லை. நீ இல்லை, அவர்கள் இல்லை, கடல் இல்லை, கடன்காரன் இல்லை, போர் இல்லை. வருகின்ற ஆண்டு முழுவதும் 'நான்' என்னும் எழுவாயின் கைக்குள் அடங்கியிருப்பதாக ஒரு பாவனை. அப்பாவனை நிலைக்கக்கூடிய வாழ்க்கை உலகிற் சிலருக்கே வாய்த்திருக்கிறது. ஏனையோர் அதனை இரவல் வாங்கி உச்சரிக்கும்போது, தம் வாழ்வின் தடைகளையெல்லாம் தம் மனவுறுதியின் குறையாக எண்ணக் கற்றுக்கொள்கிறார்கள். வலை வெறுமையாக வந்ததற்குக் காரணம் களப்பின் வாய் மணலால் தூர்ந்தமையாயிருக்கலாம், இறாலின் விலையை வேறெங்கோ இருக்கும் முதலாளி நிர்ணயிப்பதாயிருக்கலாம். உறுதிமொழியின் அகராதியில் அதற்கு ஒரே சொல்: சோம்பல்.

தனிமனிதர் மட்டுமா? அரசும் உறுதிமொழி எடுக்கிறது. ஆண்டின் முதல் வேலைநாளன்று நம் நாட்டின் அரச அலுவலகங்களில் தேசியக்கொடி ஏற்றி, உத்தியோகத்தர் அனைவரும் வரிசையாக நின்று, வினைத்திறனோடும் அர்ப்பணிப்போடும் மக்களுக்குச் சேவை செய்வோம் என்னும் கருத்தில் உறுதியுரை வாசிப்பர். அதனை வாசிக்கும் உத்தியோகத்தர்மீது எனக்குக் குறையில்லை. அவர்களிற் பலர் நம் பல்கலைக்கழகங்களின் பட்டதாரிகளே. அந்தச் சடங்கிலே கடந்த ஆண்டைப் பற்றி ஒரு வாக்கியமேனும் இல்லையே என்பதுதான் கேள்வி. சென்ற ஜனவரியில் வாசித்த அதே உரை என்னவாயிற்று? எந்தக் கோப்பு எத்தனை மாதம் மேசையிற் கிடந்தது? யார் எத்தனை முறை பேருந்தேறி வந்து திரும்பினார்? இவற்றை அன்று காலை அரைமணி நேரம் உரத்துப் பேசினால் உறுதியுரைக்கு அவசியமே இராது. பேசாதவிடத்து அது வெறும் ஓசை.

திரும்பிப் பாராத உறுதி என்ன செய்யும் என்பதைக் கிழக்குக் கரை அனுபவித்திருக்கிறது. ஆழிப்பேரலைக்குப் பின்னர், கடலோரத்தில் குறித்த எல்லைக்குள் வீடு கட்டலாகாது என்று அரசு தீர்மானித்தது. தெற்கிலே அந்த எல்லை 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். நோக்கம் உயிர்காப்பு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் கரையிலிருந்து அகற்றப்படும் மீனவன் வள்ளத்தையும் வலையையும் எங்ஙனம் காப்பான் என்ற கேள்வியைத் தீர்மானத்துக்கு முன்னர் அவனிடம் கேட்டவர் மிகச் சிலர். பின்னர் அவ்வெல்லைகள் தளர்த்தப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் கூடாரங்களிற் கழிந்த மாதங்களை யாரும் திருப்பித் தரவில்லை. உறுதி இருந்தது, மீள்நோக்கு பின்னால் வந்தது. வரிசை மாறியதன் விலை அது.

இந்த மனப்பாங்கு எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்தால் ஒரு சுவையான இடத்துக்கு வந்துசேர்வோம். அமெரிக்க அரசியல் முதல்வர்களுள் ஒருவரான பென்ஜமின் பிராங்ளின் தமது சுயசரிதையில், 13 நற்பண்புகளைத் தெரிந்து, சிறு குறிப்பேடொன்றில் நாட்களுக்கும் பண்புகளுக்குமாகக் கட்டங்கள் வரைந்து, தவறிய ஒவ்வொன்றுக்கும் ஒரு கரும்புள்ளி இட்டு வந்ததை விவரிக்கிறார். வாரத்துக்கு ஒரு பண்பு. 13 வாரத்தில் ஒரு சுற்று. ஆண்டுக்கு நான்கு சுற்று. 13ஐ நான்கால் பெருக்கினால் 52: ஆண்டின் வாரங்கள் அத்தனையும் கணக்கில் வந்துவிட்டன, ஒன்றுகூடச் சும்மா இருக்கவில்லை! ஒழுங்கு என்னும் பண்பே தமக்கு மிகவும் தொல்லை தந்தது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். அந்த நேர்மையை மெச்சலாம். பின்னாளில் மாக்ஸ் வெபர், 1904, 1905 ஆண்டுகளில் வெளிவந்த தமது புகழ்பெற்ற ஆய்விலே, முதலாளித்துவத்தின் ஆன்மா எத்தகையது என்று காட்டத் தேர்ந்தெடுத்த முதல் மனிதர் இந்தப் பிராங்ளின்தான். காரணம் வெளிப்படை. தன் ஒழுக்கத்தையே பேரேடாக மாற்றியவர் அவர். வரவு, செலவு, மீதி. நம் வணிகரும் புத்தாண்டிலே புதுக்கணக்குத் தொடங்குவர். அது கடைக்கு வேண்டியது. தன்னையே கடையாக எண்ணி மனிதன் புதுக்கணக்கு எழுதுவதுதான் புதிது.

எதிர்த்தரப்பாரின் வலுவான சான்றை மறைத்துவிட்டு வாதிடுதல் பல்கலைக்கழகத்தாருக்கு அழகன்று. அமெரிக்காவின் ஸ்க்ரான்டன் பல்கலைக்கழக உளவியலாளர் ஜோன் நோர்குரொஸ் தம் குழுவினரோடு இவ்விடயத்தை நெடுங்காலம் ஆராய்ந்தார். 1980களின் இறுதியில் வெளியான ஆய்வில், உறுதிமொழி எடுத்தவர்களுள் 77 வீதத்தினர் ஒரு வாரமும் 19 வீதத்தினர் ஈராண்டுகளும் அதனைக் காத்தனர் என்று கண்டார். 2002இல் வெளியான மற்றோர் ஆய்வோ, ஆறு மாத முடிவில் உறுதிமொழி எடுத்தோருள் 46 வீதத்தினர் வெற்றி கண்டனர் எனவும், அதே மாற்றத்தை விரும்பியும் உறுதிமொழி எடுக்காதோருள் 4 வீதத்தினரே வெற்றி கண்டனர் எனவும் கூறிற்று. ஆக, உறுதிமொழி பயனற்றதென்று சொல்லல் இயலாது. எடை குறையலாம், புகை நிற்கலாம். மருத்துவர் சொல்லியும் நிறுத்தாத புகையை ஒருவர் ஜனவரியில் நிறுத்துவாராயின் அவரை நான் தடுக்கப்போவதில்லை. ஆனால் இவ்வாய்வுகள் அளந்தவை எவை? எடை, புகை, உடற்பயிற்சி முதலியன: தனியொருவரின் உடலுக்குள் தொடங்கி அங்கேயே முடிபவை. ஒரு சமூகம் தன் ஆண்டை எவ்வாறு விளங்கிக்கொள்கிறது என்பதை எந்த வீதத்தால் அளப்பது? உடலைப் பேணுவதற்கு ஆண்டின் எந்த நாளும் போதும். அதற்காகப் புத்தாண்டைச் செலவழிக்க வேண்டியதில்லை.

வள்ளுவரே வினைத்திட்பம் என்றோர் அதிகாரம் வகுத்தாரே என்று தமிழ்ச் சங்கத்தார் கேட்கக்கூடும். கேட்கட்டும். அந்த அதிகாரத்தை ஊன்றிப் படித்தவர், சொல்வதன் எளிமைக்கும் செய்வதன் அருமைக்கும் இடையிலுள்ள தூரத்தை வள்ளுவர் அங்கேயே அளந்து காட்டியிருப்பதை அறிவர். முடிக்குமுன் பறைசாற்றுவதை அவர் திட்பமாகக் கொள்ளவில்லை. இனி, நேர்த்திக்கடனும் ஒரு சங்கற்பந்தானே என்பர். ஆம், ஆனால் அதன் அமைப்பே வேறு. ஆண்டுதோறும் வடக்கிலிருந்து புறப்பட்டு வெருகல், வாகரை வழியாகத் தெற்கே நடக்கும் கதிர்காம யாத்திரிகரைக் கண்டவர்களுக்கு இது தெரியும். அவர்களுட் பெரும்பாலோர் எதிர்காலத்துக்கு வாக்குறுதி அளிப்பவரல்லர். கழிந்த ஆண்டில் நேர்ந்த நோய்க்கும் இழப்புக்கும் காப்புக்கும் விடையாக நடப்பவர். நினைவு முதலில், நடை பின்னர். தனியே நடப்பவரும் குறைவு. சோறு போடுவதற்கு வழியிலே ஊர்கள் இருக்கின்றன. அரசியலிலும் அவ்வாறே. 1930 ஜனவரி 26ஆந் திகதி இந்தியாவெங்கும் எடுக்கப்பட்ட பூரண சுயராஜ்யப் பிரதிக்ஞை, அந்நிய ஆட்சியால் பொருளாதாரத்திலும் அரசியலிலும் பண்பாட்டிலும் ஆன்மிகத்திலும் விளைந்த கேடுகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்த பின்னரே உறுதிக்கு வருகிறது. அதன் எழுவாய் 'நாம்'. இத்தகைய சங்கற்பங்களோடு எனக்குப் பகையில்லை.

இப்போது சித்திரைக்கு வருவோம். தை முதல் நாளா, சித்திரை முதல் நாளா தமிழர் புத்தாண்டு என்ற சர்ச்சையிலே தமிழகத்தில் 2008இல் ஒரு சட்டம் வந்து 2011இல் நீக்கப்பட்டது. வாக்கிய பஞ்சாங்கத்தின்படியா, திருக்கணிதத்தின்படியா என்று நம் வீடுகளில் ஆண்டுதோறும் நாழிகைக் கணக்கு நடக்கிறது. எப்போது பிறக்கிறது என்று இவ்வளவு மை செலவழித்த நாம், எப்படி வரவேற்பது என்பதற்கு ஒரு துளியும் செலவிடவில்லை. சித்திரையின் சடங்கமைப்பிலே நம் கேள்விக்கு விடை கிடக்கிறது. ஆண்டு மாறும் நேரத்தைச் சூழ்ந்து ஒரு புண்ணியகாலம் உண்டு. ஒன்று முடிந்து மற்றொன்று முற்றாகத் தொடங்காத அந்த இடைவெளியில், மருத்துநீர் வைத்துத் தலைமுழுகி, வழக்கமான வேலைகளை ஒதுக்கி, மனிதர் சற்று நிற்கின்றனர். சிங்கள மக்களின் வழக்கிலும் இந்த நிற்றல் உண்டு, அடுப்பே அணைந்திருக்கும். அதன் பின்னர்தான் கைவிசேடம். அதன் பின்னர் நாள்வேலை. உழவன் ஏரைத் தொட்டு ஒரு சால் உழுகிறான். பிள்ளை புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கம் படிக்கிறது. முதன்முதற் பூட்டும் ஏரைப் பாடும் ஏர்மங்கலம் சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையிலேயே பேசப்படுகிறது என்பதை நினைவிற் கொண்டால், இவ்வழக்கின் வேர் எவ்வளவு ஆழமானது என்பது புலப்படும்.

இங்கு யாரும் எதையும் வாக்களிக்கவில்லை. 'இவ்வாண்டு நூறு ஏக்கர் உழுவேன்' என்று உழவன் சொல்வதில்லை. ஒரு சால் உழுகிறான், அவ்வளவே. நிற்றல், பின்னர் சிறிய செயல். சித்திரை வருங்காலத்தையும் கவனிக்க வேண்டும். மாரி வேளாண்மை அறுவடையாகிவிட்டது, கடல் தணிந்துவிட்டது, என்ன கிடைத்தது, என்ன போயிற்று என்பது தெரிந்துவிட்டது. திரும்பிப் பார்ப்பதற்குப் பார்வைக்கு ஏதோ இருக்கிறது. மீனவர் மொழியிற் சொன்னால், வலையை மணலில் விரித்து எங்கே கிழிந்திருக்கிறது என்று பார்த்துப் பொத்தும் காலம். கிழிசலைத் தேடாமல் 'இனிமேல் கிழியாது' என்று வலைக்கு முன் சத்தியம் செய்த மீனவனை நான் கேள்விப்பட்டதில்லை.

இதனைப் பழைமை போற்றலாக எவரும் எண்ணற்க. நம் சித்திரையும் இன்று பெரும்பாலும் புடவைக்கடையின் சித்திரையே. மருத்துநீர் போத்தலில் வருகிறது. நாள்வேலை கைத்தொலைபேசிக்குப் படமெடுக்கும் வேலையாகிவிட்டது. மதுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கைவிசேடம் பெறும் வரிசையிலே யார் முன்னால், யார் முற்றத்துக்கு வெளியே என்ற சாதிக் கணக்கும் பழைய சித்திரையில் இருந்தது. சடங்கை அப்படியே மீட்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது கண்டுபிடித்த வரிசையை மட்டும் கேட்கிறேன்.

அவ்வரிசையைக் கண்டவர்கள் நாம் மட்டுமல்லர். யூதரின் ஆண்டுத் தொடக்கத்தை ஒட்டிவரும் பாவநிவாரண நாளின் மாலையிலே ஓதப்படும் 'கொல் நித்ரே', தாம் இறைவன்முன் செய்துகொண்ட சபதங்களையெல்லாம் செல்லாதவையாக்குகின்ற ஒரு பிரகடனம். ஆண்டைத் தொடங்கும் தறுவாயில் சபதத்தைக் கட்டிக்கொள்வதற்குப் பதிலாக அவிழ்த்துவிடுகிறார்கள்! யப்பானியர் ஜனவரி 2ஆந் திகதி தூரிகை எடுத்து ஆண்டின் முதல் எழுத்தை எழுதுவர். 'ககிசொமே' என்பது அதன் பெயர். ஜனவரிக்குத் தன் பெயரைத் தந்த உரோமரின் ஜேனஸ் தெய்வத்துக்கோ இரண்டு முகங்கள். ஒன்று பின்னே நோக்கும், ஒன்று முன்னே நோக்கும். அத்தெய்வத்தின் மாதத்தை எடுத்துக்கொண்ட நவீன உலகம் ஒரு முகத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டது.

மீள்நோக்கு, ஆக்கம் என்று பெரிய சொற்களைச் சொல்கிறீரே, மட்டக்களப்பில் அவை எந்த உருவத்தில் நடக்கும் என்று கேட்கலாம். நடந்திருக்கின்றன. வேளாண்மை ஓய்ந்த மாதங்களில் ஊர்கூடிக் கூத்துப் பழகுவது இம்மண்ணின் வழக்கம். அண்ணாவியார் சட்டங் கொடுப்பார், ஒவ்வொருவர் கையிலும் அவரவர் பாத்திரத்தின் பாட்டு, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இரவுப் பயிற்சி, சதங்கை அணிதல், பின்னர் வட்டக்களரியில் அரங்கேற்றம். வடமோடியாயினும் தென்மோடியாயினும், உழைத்துக் களைத்த ஆண்டின் முடிவிலே ஒரு சமூகம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக்கொண்டு 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றியபோது செய்ததும் இதுவே: கழிந்ததை எடுத்து, நறுக்கி, இன்றைய அரங்குக்கு ஏற்ப ஆக்கினார். 'இனிமேல் கலையை வளர்ப்போம்' என்று தீர்மானம் நிறைவேற்றிவிட்டுக் கலைந்திருந்தால் இன்று நாம் அவரைப் பற்றிப் பேசியிருக்கமாட்டோம்.

கூத்திலும் பொத்த வேண்டிய கிழிசல்கள் இருந்தன. பெண்ணைக் காட்டும் முறை, சாதி, வீரம் என்ற பெயரால் வன்முறையைக் கொண்டாடுதல் முதலியவை. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் சீலாமுனையிலே சி. ஜெயசங்கர் முதலானோர் ஊர்மக்களோடு அமர்ந்து, பழைய பனுவலை வரிவரியாக விவாதித்து, மாற்றி எழுதி ஆடிய கூத்து மீளுருவாக்கம் அத்தகைய பொத்தலே. போர்க்காலத்தின் நடுவே, 1996இல், கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் மட்டக்களப்பு நகரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினர். போரைக் கண்ட சிறுவர் அங்கே களிமண் பிசைந்தனர், படம் வரைந்தனர், கதை கட்டினர், நாடகம் ஆடினர். 'நல்ல பிள்ளையாக இருப்பேன்' என்று அவர்களிடம் உறுதிமொழி வாங்கியிருந்தால் அது எத்துணை பெரிய கொடுமையாயிருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கண்டதை உருவாக்கிப் பார்க்கும் வாய்ப்பைத் தந்தார்கள். கரையோர வேடர் ஆண்டுக்கொரு முறை பந்தலிட்டு, முன்னோரைப் பாட்டால் அழைத்து ஆடும் சடங்கிலும் இதே தருக்கம் இயங்குவதாகவே எனக்குப் படுகிறது. இறந்தவர்கள் முதலில் வருகிறார்கள். அதன் பின்னரே அடுத்த பருவம்.

எல்லோரும் கலைஞராக முடியுமா என்பது வழக்கமாக எழும் அடுத்த ஆட்சேபம். ஆக்கம் என்பதைக் கவிதை, ஓவியம் என்று குறுக்கிக்கொள்வதால் வரும் மயக்கம் இது. ஒரு வலையைப் பொத்துவதும், பேரப்பிள்ளைக்கு ஊஞ்சல் கட்டுவதும், இறந்த அயலவரைப் பற்றி நான்கு பக்கம் எழுதிவைப்பதும், களப்பின் வாய் எந்தெந்த ஆண்டில் எங்கே திறந்தது என்று முதியவரைக் கேட்டு ஒரு வரைபடம் போடுவதும் ஆக்கமே. முடித்த பின்னர் கையில் ஏதோ இருக்க வேண்டும். அது பிறரோடு பகிரத்தக்கதாயிருக்க வேண்டும். இவ்விரண்டும் உறுதிமொழிக்கு இல்லாத தகைமைகள்.

மாணவரின் கூட்டங்களிலும் ஆண்டுத் தொடக்கம் என்றால் ஒரு தீர்மானப் பட்டியல் வாசிக்கப்படுவதே பெருவழக்கு. இத்தனை கருத்தரங்கு நடத்துவோம், இத்தனை மலர் வெளியிடுவோம். செயலாளரின் குரலும் கைதட்டலும் ஓய்ந்தபின் சென்ற ஆண்டின் பட்டியலை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. தமிழ்ச் சங்கங்கள் இந்த ஒரு பழக்கத்தையேனும் கைவிடலாம். அதற்குப் பதிலாக, மாசிப் பங்குனியில், அறுவடை முடிந்து சித்திரை வருமுன், ஒரு சிறு குழு பனிச்சங்கேணி போன்றதோர் ஊருக்குச் சென்று தங்கட்டும். உபதேசிக்க அன்று, பதாகை பிடிக்கவும் அன்று. அந்த ஊரின் ஆண்டை எழுதிவரட்டும். எப்போது மழை வந்தது, நெல்லுக்கு என்ன விலை, இறாலுக்கு என்ன விலை, யார் மத்திய கிழக்குக்குப் போனார், யார் திரும்பினார், எந்தப் பிள்ளை பாடசாலையை விட்டது, யார் மாண்டார், என்ன புதுப்பாட்டு வந்தது. எழுதியதை அவ்வூரவர் முன்னிலையில் வாசித்துத் திருத்தட்டும். அவர்களே அதிலிருந்து ஒரு காட்சியைத் தெரிந்து கூத்தாகவோ வசந்தனாகவோ கும்மியாகவோ கட்டுவார்களாயின், குழுவினர் மத்தளம் சுமக்கட்டும், ஏடு பிடிக்கட்டும். பத்து ஆண்டுகள் இவ்வாறு சேர்ந்தால், புள்ளிவிபரத் திணைக்களத்தின் ஏடுகள் காட்டாத ஒரு கிழக்கிலங்கை வரலாறு நூலகத்தில் இருக்கும்.

பரீட்சை நெருங்கும் காலம் அது என்று முறைப்பாடு எழும். பரீட்சை எல்லாக் காலத்திலும் நெருங்கிக்கொண்டுதான் இருக்கிறது. செலவு என்பர், கருத்தரங்கு ஒன்றுக்குப் பொன்னாடைக்கும் மாலைக்கும் ஆகுஞ் செலவில் ஐந்தாறு பேரின் பேருந்துக் கட்டணமும் அரிசியும் அடங்கிவிடும். கள ஆய்வு விரிவுரையாளரின் வேலை, மாணவருடையதன்று என்று ஒரு பெரியவர் சொல்லக்கூடும். அவரையும் அழைத்துச் செல்லலாம், மணலில் நடப்பது உடலுக்கு நல்லது. ஊரவர் வரவேற்பார்களா என்பது மட்டுமே மெய்யான கேள்வி. பேரிடருக்குப் பின்னும் போருக்குப் பின்னும் படிவங்களோடு வந்து கேள்வி கேட்டுவிட்டுப் போனவர்களை அவர்கள் நிறையவே கண்டிருக்கிறார்கள். ஆகவே முதற் பயணத்தில் குறிப்பேட்டைத் திறவாமல், எந்த மாதம் வந்தால் வேலைக்கு இடைஞ்சல் இராது என்று மட்டும் கேட்டுவிட்டு வருவது நன்று.